‘ர’வுக்குக் கால்

12 ஆகஸ்ட் 1996, திங்கள்

மழை. இந்த ஊரில் ஆகஸ்ட்தான் குளிர்காலம். கிளென் ஈடன் வீட்டிலிருந்து த்ரீ கிங்ஸ் அச்சுக்கடைக்கு வந்து சேர்வதற்குள் முழங்கால் வரை நனைந்தாச்சு. கடை ஹீட்டர் பக்கத்தில் ஷூவைக் காயவைத்துவிட்டு வெறுங்காலோடு மேக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ட்ரெவர் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். நல்ல முதலாளி.

வேலை: பிட்சா கடை மெனு, ரக்பி கிளப் ரசீதுப் புத்தகம், ஒரு ‘நாய் காணவில்லை’ நோட்டீஸ். நாய்க்குத்தான் அதிக நேரம் ஆனது. நாய்க்கார அம்மாவுக்கு எந்த போட்டோவும் பிடிக்கவில்லை.

மத்தியானம் ரூபனின் அப்பா வந்து நின்றார். பரராசசிங்கம் அங்கிள், தமிழ்ச் சங்கச் செயலாளர். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. எனக்குக் கீழே ஷூ இல்லை. மேஜைக்குப் பின்னாலேயே நின்றுகொண்டேன்.

31ஆம் தேதி சங்கத்தின் கலைவிழா. போஸ்டர் வேண்டுமாம். எங்கள் சன்னலில் ஒட்டியிருக்கும் ஒரு நாடகப் போஸ்டரைக் காட்டினார்.

“உப்பிடி வேணும். தடியாய், ஆனா வடிவாய். றோட்டிலை போறவன் காரிலை இருந்து வாசிக்கவேணும்.”

அது இங்கிலீஷ் எழுத்து. நிற்கிற கோடெல்லாம் தூண் மாதிரி தடிப்பு, படுக்கிற கோடெல்லாம் மயிரிழை, முனையில் ஒரு சின்னக் கட்டை. தமிழில் அப்படி ஒன்று எங்கள் மேக்கில் கிடையாது. இருக்கிற ஒரே தமிழ் எழுத்து டைபாய்டில் படுத்து எழுந்தது போல இருக்கும்.

இல்லை அங்கிள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “வரைஞ்சு தர்றேன் அங்கிள்” என்று வந்தது.

ஏன் என்று எனக்குத் தெரியும். ரூபனும் நானும் இவரிடம் கல்யாண விஷயம் சொல்லி ஒன்றரை மாதம். சரியும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை. “விழா முடியட்டும்” என்று மட்டும் ரூபனிடம் சொன்னாராம். திருச்சியில் அப்பாவோ, “அந்த வீட்டுப் பெரியவர் போன் பண்ணிக் கேக்கட்டும். நீயா போய் நிக்காத” என்கிறார். இதற்கு நடுவே பெங்களூர் இன்ஜினியர் ஒருத்தரின் போட்டோ வேறு தபாலில் வந்திருக்கிறது. நல்ல முகம்தான், பாவம்.

எனக்கு வேண்டியது இவர் வீட்டிலிருந்து திருச்சிக்கு ஒரு போன். அதற்காகத்தான் இந்த எழுத்து. என் டைரியில் நானே மறைப்பானேன்.

14 ஆக., புதன்

மழை விட்டது. காற்று.

வேலை முடிந்து ஒரு மணி நேரம் கடையில் இருந்து வரைய ட்ரெவர் சரி என்றார். முழுத் தமிழும் வேண்டாம், போஸ்டருக்கு வேண்டிய எழுத்து மட்டும்.

இதுவரை:
ப — சுலபம். இரண்டு தூண், அடியில் ஒரு நூல்.
ட — அதைவிடச் சுலபம்.
க — தலை வந்தது, கை வந்தது, வயிறு நிறைய மை.
ண — சுழியெல்லாம் அடைத்து மூன்று கறுப்பு போண்டா.
ழ — நாளைக்கு. இன்றைக்கு அதன் மூஞ்சியில் விழிக்க முடியாது.

பெரிய தலைவலி கட்டை. இங்கிலீஷ் எழுத்து போய் ஓரிடத்தில் நிற்கும், நின்ற இடத்தில் கட்டை வைக்கலாம். நம் எழுத்து சுற்றிச் சுற்றித் தன் வயிற்றுக்குள்ளேயே போய் முடிகிறது. எங்கே வைப்பது? ‘இ’யில் வைத்துப் பார்த்தேன். சாப்பிடும்போது மூக்கில் ஸ்பூன் இடித்த மாதிரி இருந்தது. எடுத்துவிட்டேன்.

ரூபன் போன். “என்ன, தடியன் எழும்பிட்டானோ?” பெயர் வைத்தாச்சு. தடியன்.

16 ஆக., வெள்ளி

தடியன் நிற்கிறான்! ‘ண’வை அகலமாக்கி மூன்று சுழிக்கும் மூச்சு விட்டேன். ‘ழ’வும் பணிந்தது.

சோதனைக்கு வழக்கமாக நான் அடிக்கும் வரி: சனிக்கிழமை மாலை டிக்கெட் டீ வடை. பெரிய தாளில் லேசர் பிரிண்டரில் எடுத்துக் கடையின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். கறுப்பாக, கம்பீரமாக, சாராயக் கடை மீசை மாதிரி. ட்ரெவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது, ஆனாலும் விசிலடித்தார்.

ரொம்பச் சந்தோஷம். இதற்கு முன் என் வாழ்க்கையில் நானாக எதையும் செய்ததில்லை என்று தோன்றியது. அடுத்தவர் எழுதியதை அடுத்தவர் எழுத்தில் அடுக்கித்தான் பழக்கம்.

இரவு: தோசை. அண்ணன் மகள் சுருதி தாளைப் பார்த்து “வொய் ஆர் தே ஸோ ஃபாட்?” என்றாள். தமிழில் கேள் என்றதும் ஓடிவிட்டாள்.

18 ஆக., ஞாயிறு

மாசி என்கிற பேட்டையில், ரூபன் வீட்டில். போஸ்டர் மாதிரியை அங்கிளிடம் காட்டினேன்.

கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சிவப்புப் பேனா எடுத்தார்.

“இதென்ன டிக்கெட்?”

“டிக்கெட் தானே அங்கிள். நீங்க ‘ரிக்கெற்’னு எழுதியிருந்தீங்க. நான் திருத்திட்டேன்.”

“ஆர் திருத்தச் சொன்னது?”

நான் திருத்திய எல்லாவற்றையும் திரும்பத் திருத்தினார். டிக்கெட் ரிக்கெற் ஆனது. டெலிபோன் ரெலிபோன் ஆனது. டீ ரீ ஆனது.

“ரீன்னு போட்டா எங்க ஊர்ல எழுத்துப்பிழைன்னு சிரிப்பாங்க அங்கிள்.”

“டீ எண்டு போட்டா இஞ்சை சிரிப்பினம். நாங்கள் குடிக்கிறது ரீ.”

அப்புறம் அவருடைய பெயர். நான் ‘பரராஜசிங்கம்’ என்று போட்டிருந்தேன். ஜ போய் ச வந்தது. ‘லை’க்குப் பழைய அச்செழுத்தில் வரும் யானைத் தும்பிக்கை இல்லையா என்று வேறு கேட்டார். நேரமில்லை என்றேன். உண்மையும் அதுதான்.

ஆன்ட்டி (ரூபனின் அம்மா) சமையலறையிலிருந்து: “பிள்ளையைச் சாப்பிட விடுங்கோ.”

கிளம்பும்போது வாசலில் வைத்துக் கேட்டார். “நான் கதைக்கிறது உமக்கு விளங்குதோ?”

“ஆமா அங்கிள்.”

“ஓம் எண்டு சொல்லிப் பழகும்.”

பஸ் ஸ்டாப் வரை இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். பழகச் சொன்னால் ஏதோ அர்த்தம் இருக்கத்தானே வேண்டும்? ரூபனிடம் கேட்டேன். “அப்பா போஸ்ற்மனுக்கும் இதைத்தான் சொல்லுறவர்” என்றான். இவனைக் கட்டிக்கொள்ளத்தான் இவ்வளவு பாடு.

21 ஆக., புதன்

போஸ்டர் முடிந்தது. திருத்தம் எல்லாம் போட்டு, பெரிய தாளில் ஒரே ஒரு லேசர் பிரதி சங்கப் பொருளாளர் கையில் கொடுத்தாச்சு. மீதிப் பிரதிகளை அவர் ஆபீஸ் மெஷினில் எடுத்துக்கொள்வாராம். ட்ரெவரிடமே எடுக்கலாம் என்றேன். “அது நாங்கள் பாத்துக்கொள்ளுவம் தங்கச்சி.”

சரி, பார்த்துக்கொள்ளட்டும்.

தலைமுடிக்கு எண்ணெய் வைத்தேன். அப்பா போன்: “என்னம்மா, ஏதாவது சொன்னாரா?” விழா முடியட்டும் என்றேன். நானும் அவர் மாதிரியே பேச ஆரம்பித்துவிட்டேன்.

24 ஆக., சனி

ஐயோ.

அண்ணியோடு மளிகைக்கு த்ரீ கிங்ஸ் போனேன். மசாலாக் கடைக் கண்ணாடியில் போஸ்டர். மஞ்சள் தாளில், பாதியாகச் சுருக்கி, மை குறைத்து எடுத்திருக்கிறார்கள்.

மயிரிழையெல்லாம் போய்விட்டது. தூண் மட்டும் நிற்கிறது.

‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசமே அடியில் இடப்பக்கம் சாய்ந்து இறங்கும் அந்தச் சின்னக் கால்தான். அதைத்தான் நான் மயிரிழையாக வரைந்திருந்தேன். ஒரு ‘ர’ பாக்கி இல்லாமல் எல்லாம் துணைக்கால் ஆகிவிட்டது.

ரீ — ாீ.
ரெலிபோன் — ொலிபோன்.
வரவேற்புரை — வாவேற்புாை.
பரராசசிங்கம் — பாாாசசிங்கம்.

பெயர் இருந்த இடத்தில் வேலி.

என் சோதனை வரியில் டிக்கெட்டும் டீயும்தான் இருந்தன. கால் வைத்த ‘ர’ ஒன்றுகூட இல்லை. இங்கிலீஷ் வார்த்தைகளில் எங்கள் ஊர்க்காரர்கள் ‘ட’ போடுகிற இடத்திலெல்லாம் இவர்கள் ‘ர’ போடுவார்கள் என்று தெரிந்த பிறகாவது சோதித்திருக்க வேண்டும். சோதிக்கவில்லை. திருத்தத்தை அடித்துக் கொடுத்ததோடு சரி. இங்கே சுருக்காமல் இருப்பார்கள் என்று யார் சொன்னது?

கடைக்காரர் ஃபிஜிக்காரர். தமிழ்ப் பெயர்தான், தமிழ் படிக்கத் தெரியாது. “நல்லா இருக்கும்மா. ஃபென்ஸ் மாதிரி டிசைன் போட்டிருக்கீங்க” என்றார். மனதாரத்தான் சொன்னார். அண்ணி திரும்பி நின்று சிரித்தாள்.

ரூபனுக்குப் போன் போட்டேன். அப்பா பார்த்தாச்சாம். கமிட்டிக் கூட்டத்தில் யாரோ அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறார்கள். பாஆஆஆ என்று. “இனிச் செம்மறியளும் சங்கத்திலை சேரும்” என்று பொருளாளர் சொன்னாராம். மெஷினில் மையைக் குறைத்த ஆளே அவர்தான்!

“அப்பா என்ன சொன்னார்?”

“சாப்பிட்டார். படுத்திட்டார்.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பெங்களூர் போட்டோவை எடுத்துப் பார்த்தேன், திரும்ப வைத்துவிட்டேன்.

25 ஆக., ஞாயிறு

வெயில், ஆனால் குளிர்.

கறுப்பு மார்க்கர் ஒன்றை எடுத்துக்கொண்டு மசாலாக் கடைக்குப் போனேன். கையாலாவது கால் போட்டுவிடலாம் என்று. போனால் அங்கே பரராசசிங்கம் அங்கிள். கண்ணாடியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மெல்லிய பேனாவால், ஒவ்வொரு ‘ர’வுக்கும் கால் போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஓடிப்போகலாமா என்று நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

“வந்தனீரோ. உந்தப் பக்கத்தைப் பாரும்.”

நான் நேரே அவர் பெயருக்குப் போனேன்.

“அதை விடும். ரெலிபோனைப் போடும். என்ரை பேர் இவையளுக்குத் தெரியும், ரிக்கெற் எங்கை எடுக்கிறதெண்டு ஆருக்குத் தெரியும்?”

என் மார்க்கர் தடி, அவர் பேனா மெலிசு. என் கால் யானைக்கால், அவர் கால் கொசுக்கால். இரண்டும் ஒரே போஸ்டரில். கடைக்காரர் வெளியே வந்து, “முன்னாடி இருந்ததே நல்லா இருந்துச்சே” என்று வருத்தப்பட்டார்.

பிறகு அவர் காரில். கிளென் ஈடன் லைப்ரரி, ஒரு டெய்ரி (இங்கே மூலைக்கடைக்கு அதுதான் பெயர்), மாசியில் இரண்டு கடை. மன்னிப்புக் கேட்க மூன்று முறை ஆரம்பித்தேன். மூன்று முறையும் சிக்னல் போட்டார், பாதையைப் பார்த்தார். நான்காவது முறை அவரே கேட்டார்.

“ஏன் அந்தக் காலை மட்டும் நூலாய் விட்டனீர்?”

சொன்னேன். இங்கிலீஷ் A-வைப் பாருங்கள் அங்கிள், இடப்பக்கம் சாயும் கோடு மெலிசு, வலப்பக்கம் சாயும் கோடு தடி. பேனாவின் கணக்கு அது. ‘ர’வின் கால் இடப்பக்கம் சாய்கிறது, அதனால் மெலிசு.

கியரை மாற்றினார்.

“அவன்ரை A-க்கு அந்தக் கோடு மெல்லிசாய் இருந்தாலும் அது A தான். எங்கடை ‘ர’ அது இல்லாட்டில் ‘ர’ இல்லையே, பிள்ளை.”

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. இவ்வளவு நேரே இருக்கிற விஷயம் வரைந்த எனக்குத் தோன்றவில்லையே என்று. சரிதான் அங்கிள் என்றேன். ஓம் என்று சொல்ல நினைத்தேன், வரவில்லை.

கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இறக்கிவிடும்போது, “மேடைக்குப் பின்னாலை ஒரு பெரிய பனர் வேணும். அதே எழுத்து” என்றார். பேனருக்கும் அதே எழுத்தா! ரூபனுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். “வேறை எழுத்து இல்லையே, அதுதான்” என்கிறான்.

28 ஆக., புதன்

தடியனுக்கு ஆபரேஷன்.

‘ர’: காலை நூலிலிருந்து ஆப்பாக மாற்றினேன். மேலே மெலிசு, கீழே போகப்போகத் தடி. முதலில் ஹாக்கி மட்டை மாதிரி வந்தது. ட்ரெவர் எட்டிப் பார்த்து, “இட்ஸ் கிக்கிங் சம்படி” என்றார். நான்காவது தடவை உதைப்பதை நிறுத்திக்கொண்டு நின்றது.

‘ர’ மாறியதும் மற்றதெல்லாம் சோனியாகத் தெரிந்தது. அதனால் ‘ப’ அடிக்கோடு, ‘ட’ அடிக்கோடு, ‘ய’, ‘ம’, எல்லாவற்றுக்கும் நூலைக் கயிறாக்கினேன். அந்த நாடகப் போஸ்டரின் மினுக்கு கொஞ்சம் போனது. போகட்டும்.

புதிய சோதனை வரி: ரீ ரிக்கெற் ரெலிபோன் பரராசசிங்கம். லேசரில் எடுத்து, பாதியாகச் சுருக்கி, அதை மறுபடி பாதியாக்கி, மையையும் குறைத்து எடுத்தேன். கடைசிப் பிரதியில் அவர் பெயர் நகம் அளவுதான். கால் இருந்தது.

பனர் வெளியே அடிக்கக் கொடுத்தாச்சு. ஷாம்பு வாங்க மறந்தேன்.

31 ஆக., சனி

விழா. ஹாலுக்குள் ஈரக் குடைகளின் வாடை, வடை வாசனை.

பனர் மேடையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை. கடைசி வரிசையில் போய் நின்று பார்த்தேன். என் எழுத்து. தெரியாத இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்: “எழுத்து என்ன வடிவு!” “ஓமடி, கொழும்பிலை செய்விச்சிருப்பினம்.” நான்தான் என்று சொல்லத் துடித்தது. சொல்லவில்லை. இப்போது வருத்தமாக இருக்கிறது, சொல்லியிருக்கலாம்.

வரவேற்புரைக்கு அங்கிள் ஏறியதும் பின்னாலிருந்து ஒருவர், யாரென்று தெரியாது, பாஆஆ என்றார். பத்துப் பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

அவர் மைக்கைச் சரி செய்தார். “வணக்கம். நான் பரராசசிங்கம்” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பனரைக் கையால் காட்டினார். “இப்ப எல்லாரும் வாசிக்கலாம். வாசிக்கேலாதவையள் கண்ணாடியை மாத்துங்கோ.”

ஹால் முழுக்கச் சிரித்தது. பொருளாளரும்.

முடிந்ததும் என் பக்கமாக வந்தார். “உந்தக் கதிரையளை அடுக்கும் பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாற்காலிகளை அடுக்கினேன். ரூபனும் நானும் ஆளுக்கு ஒரு பக்கமாக. விழா முடிந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை.

இடுப்பு வலி.

1 செப்., ஞாயிறு

ஆன்ட்டி சாப்பிட வரச் சொன்னார். புட்டு, ஆட்டுக்கறி, சம்பல். போகாமல் இருந்துவிடலாமா என்று காலையில் யோசித்தேன். இன்றைக்கும் ஒன்றும் இல்லையென்றால் அப்பாவிடம் என்ன சொல்வது? அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்து புட்டைப் பிசைந்தேன்.

அங்கிள் சாப்பிட்டுக் கை கழுவி, துவாயில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“பிள்ளை, கார்ட் அடிக்கேக்கை உந்தத் தடிச்ச எழுத்து வேண்டாம்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “ஏன் அங்கிள்? ‘ர’வைத்தான் சரி பண்ணிட்டேனே. ரெண்டு தடவை சுருக்கிப் பாத்தாச்சு, எவ்வளவு சின்னதா போட்டாலும் நிக்கும். நேத்து நீங்களே மேடையில சொன்னீங்க...”

ஆன்ட்டி அகப்பையோடு நின்றுவிட்டார். ரூபன் மேஜைக்கடியில் என் காலை மிதிக்கிறான்.

“காலை எடு ரூபன், பேசிக்கிட்டிருக்கேன்ல? கார்டுக்கும் அதே எழுத்து தாராளமா...”

“கலியாணக் கார்ட், பிள்ளை” என்றார் அங்கிள். “உம்மடை அப்பாவோடை ராத்திரி கதைச்சனான். அவரும் மெல்லிய எழுத்துத்தான் நல்லதெண்டவர்.”

புட்டு தொண்டையில் நின்றது. ஆன்ட்டி தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சாப்பிட்ட கையாலேயே கண்ணைத் துடைத்து, சம்பல் பட்டு எரிந்து, ரூபன் குழாயடிக்கு இழுத்துப் போனான். அங்கே அவனும் அழுதுகொண்டுதான் இருந்தான், அவன் கையில் சம்பல் இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

“எங்க ரெண்டு பேர் பேரை மட்டும் தடிச்சுப் போடலாமா அங்கிள்?”

கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார்.

“பாப்பம்” என்றார்.